தேஹட்சர் கல்லின் நான்காம் வரி

அஜ்மீர்
11 ஜனவரி 1999

திரு. ஓனாட் சிங் தேஹடியா அவர்களுக்கு,

ராம் ராம்.

இருபது வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போன மாதம் இரண்டு முறை உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீங்கள்தான் எடுத்தீர்கள். "ஹுக்கும், யாரு?" என்று ராஜபுத்திர மரியாதையோடு கேட்ட அந்தக் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். எழுதினால்தான் முடிக்க முடியும் என்று தோன்றுகிறது.

தேஹட்சர் ஊரிலிருந்து நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். எங்கள் குர்ஜர் ஆட்கள். வரும் அட்சய திருதியை அன்று ஊர்க் குளக்கரையில் ஊருக்குப் பெயர் தந்த வீரன் ராவ் தேஹட்டுக்குச் சிலை திறக்கிறார்களாம். குதிரை, ஈட்டி எல்லாம் தயார். பீடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. உங்கள் குலத்தார் 'ராஜபுத்திரர் குல முதல்வர்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் 'குர்ஜர வீரர்' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சாட்சிக்குக் காட்டுவது ஒரே கல்லைத்தான். நீங்களும் நானும் கண்டெடுத்த அந்த நடுகல்லை.

இதுவரைக்கும் எனக்குக் கவலையில்லை. கற்களைக் காட்டிச் சண்டை போடுவது நம் தொழில், ஊர்க்காரர்களும் போடட்டும். ஆனால் வந்தவர்களில் பாஞ்சுராம் என்று ஒரு பெரியவர், மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாலாவது வரியில பாதியைக் காணோம் மாஸ்டர்ஜி. 'கூர்ஜர'ன்னு ஆரம்பிக்குது, அப்புறம் கல்லே இல்ல. தானா உடையுமா? தாகூர் வீட்டு ராஜபுத்திர ஆளுங்கதான் அந்தக் காலத்துலயே உளியால தட்டிட்டாங்க. நம்ம பேரை அழிக்க!"

பிறகு விசாரித்தேன். உங்கள் பக்கத்தில் இதையே திருப்பிப் போட்டுச் சொல்கிறார்கள். 'கூர்ஜர நாட்டை வென்றவன்' என்று எழுதியிருந்ததாம். மானம் தாங்காமல் குர்ஜரர்கள் உடைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லிப் போன வாரம் ஒருவன் மண்டையில் தடியடி விழுந்திருக்கிறது. ஏழு தையல்.

அந்தக் கல்லை யாரும் உளியால் தட்டவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். 1962 அக்டோபரில் அதைக் கை நழுவவிட்டு உடைத்தவன் நான். வியாஸ் குருஜியிடம், "கல்லு முன்னாடியே உடைஞ்சிருந்தது" என்று சொல்லி என்னைக் காப்பாற்றியவர் நீங்கள். அன்று அந்தப் பொய் எனக்குப் படிப்பைக் காப்பாற்றியது. இன்று ஊரை உடைக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். ஆனால் பொய் சொன்னவர் நீங்கள் என்பதால் உங்களைக் கேட்காமல் செய்ய மனமில்லை. பதில் எழுதுங்கள்.

சுவாலால் குர்ஜர்


ஜோத்பூர்
2 பிப்ரவரி 1999

மதிப்பிற்குரிய சுவாலால்ஜி அவர்களுக்கு,

ஜெய் மாதாஜி.

தங்கள் கடிதம் மூன்று வாரம் என் மேசைமேல் கிடந்தது. தினமும் காலையில் பேனாவைத் திறப்பேன், மூடுவேன். சிரே கன்வர் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தாநாள் தேநீரை வைத்துவிட்டு, "நெருப்புல பொறந்த குலம்னு ஊரெல்லாம் மார் தட்டுறீங்க. ஒரு கடுதாசிக்கு இவ்வளவு வேர்க்குதே!" என்றாள். கட்டிய மனைவிக்கு முன்னால் எந்தக் குலப்பெருமையும் நிற்பதில்லை.

தாங்கள் கேட்டதற்கு என் பதில்: வேண்டாம். எதற்கு? முப்பத்தாறு வருடம் ஆகிவிட்டது. குருஜி போய்ச் சேர்ந்துவிட்டார். நம் கட்டுரையில் 'கல் பண்டைக் காலத்திலேயே சிதைந்தது' என்று அச்சாகியிருக்கிறது. அதை இப்போது மாற்றினால் நாம் எழுதிய மற்றவற்றையும் எவன் நம்புவான்? ஊர்ச்சண்டை ஊரோடு ஓயும். என் கருத்தும் மாறவில்லை. 'கூர்ஜர' என்பது அந்த நாட்டின் பெயர். ஜாலோரையும் பீன்மாலையும் சுற்றிய பூமிக்கு அன்று அதுதான் பெயர். அந்த நாட்டில் இருந்தவனை அப்படி அழைத்தால் அது அவன் குலத்தைச் சொன்னதாகாது.

இதோடு முடித்திருக்க வேண்டும். முடியவில்லை.

அந்த அக்டோபர் நினைவிருக்கிறதா? சீனாவோடு சண்டை தொடங்கிய வாரம். நாம் மையும் காகிதமும் சுமந்துகொண்டு லூணி ஆற்றங்கரை ஊர்களில் கல்லெழுத்துப் படி எடுக்கிறோம். சைக்கிள் நம்மைச் சுமந்ததைவிட மணலில் நாம் சைக்கிளைச் சுமந்ததுதான் அதிகம். ஓர் ஊரில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நம்மைச் சுற்றி வளைத்துக்கொண்டு, "சீனாக்காரனுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறீங்களாடா?" என்று கேட்டார்கள். நான் வாளெடுக்காத குறையாக நெஞ்சை நிமிர்த்தி, "நான் ராஜபுத்திரன், துரோகம் செய்வேனா?" என்றேன். நீ பின்னாலிருந்து மெதுவாக, "நம்பாதீங்கம்மா, இவன் ஹூணன். போன மாசம் வகுப்புல இவனே நிரூபிச்சான்" என்றாய். உன் பெயருக்குப் பொருள் கிளிதானே? கிளியே, அன்று உன்னைக் கிணற்றில் தள்ளியிருக்க வேண்டும்.

அந்த வகுப்பு! வியாஸ் குருஜி தன் குல்லாயில் நான்கு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினாரே. ராஜபுத்திரர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆளுக்கொரு கட்சி பேச வேண்டும். சூரிய சந்திர வம்சம் ஒன்று. ஆபு மலை அக்கினிக் குண்டத்தில் முனிவர் வளர்த்த வேள்வியிலிருந்து எழுந்தவர்கள் என்பது இன்னொன்று. கணவாய் வழியே வந்த ஹூணரும் சகரும் இங்கேயே தங்கிப் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் என்பது மூன்றாவது. ஆடுமாடு மேய்த்த குடிகளும் காட்டுக் குடிகளும் வாளெடுத்து நிலம் பிடித்து, பிறகு புலவர்களை வைத்து வம்சம் எழுதிக்கொண்டார்கள் என்பது நாலாவது. எனக்கு வந்தது ஹூணன். உனக்கு வந்தது அக்கினிக் குண்டம். நீ பேசிய பேச்சில் நெருப்பின் சூடு கடைசி வரிசை வரைக்கும் அடித்தது. எங்கள் விடுதி ராஜபுத்திரப் பையன்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். என் படுக்கையைக் கொண்டுபோய்க் குதிரை லாயத்தில் போட்டார்கள். "ஹூணன் லாயத்துலதானே படுப்பான்?"

அவ்வளவு சிரித்தோம். அப்போது எந்தக் கட்சி வென்றாலும் யாருக்கும் தையல் போடவில்லை.

வேண்டாம், சுவாலால்ஜி. விட்டுவிடுங்கள்.

ஓனாட் சிங்


அஜ்மீர்
13 பிப்ரவரி 1999

ஓனாட்,

'மதிப்பிற்குரிய'வில் தொடங்கி நடுவில் 'கிளியே' என்று வந்து, திரும்பவும் 'சுவாலால்ஜி'யில் போய் ஒளிந்துகொள்கிறாய். உன் கட்டுரைகளும் இப்படித்தான். நடுப்பக்கத்தில் மட்டும் உண்மை இருக்கும்.

நீ நினைவுபடுத்தியதை எல்லாம் படித்தேன். மூன்று முறை படித்தேன். குல்லாயையும் லாயத்தையும் நினைத்துச் சிரித்தேன். என் மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமாஜி தனியா சிரிக்கிறார்" என்று மகனிடம் சொன்னாள். ஆனால் நீ அழகாகத் தாண்டிப்போன ஒன்றை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

1979, ஜெய்ப்பூர் கருத்தரங்கு. நீ தேஹட்சர் கல்லைப் பற்றிப் படிக்கிறாய். 'கூர்ஜர' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'தேச' என்று சேர்த்திருந்தாய். நான் எழுந்து கேட்டேன்: "அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது கல்லுல இருக்கா, உங்க ஆசையில இருக்கா?" நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னாய்: "பாலையும் தண்ணியையும் பிரிச்சுப் பார்க்கிறது நம்ம நண்பரோட குலத்தொழில். கல்லெழுத்து கொஞ்சம் வேற மாதிரி."

இருநூறு பேர் சிரித்தார்கள்.

என் அப்பா அஜ்மீரில் வீடு வீடாகப் பால் ஊற்றினார். ஆமாம். கல்லூரி நாளில் ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஏடு தடித்த பாலை முழு லோட்டாவாகக் குடித்துவிட்டு, "பாயி, இன்னும் கொஞ்சம்" என்று, நான் கூப்பிடுவது போலவே கூப்பிட்டு, என் அம்மாவிடம் கேட்டவன் நீ. அம்மா உன்னை 'மெலிஞ்ச ராஜா' என்று கூப்பிடுவாள். சாகும்போதுகூடக் கேட்டாள், "அந்த மெலிஞ்ச ராஜா வரலையா?" என்று. தந்தி கொடுத்தேன். நீ வரவில்லை.

அன்று சபையில் நான் ஏன் பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன் என்று நீ என்றாவது யோசித்தாயா? பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த வரியை உடைத்தவன் நான். உடைத்தவனுக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று வாதாட என்ன உரிமை? அதோடு, என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னவன் நீ. அந்தக் கடனுக்காக உட்கார்ந்தேன். பிறகு இருபது வருடம் உட்கார்ந்தே இருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் ஆசை இருந்தது. உடைந்த இடத்தில் 'குலம்' என்று இருந்திருக்கும் என்று நானும் என் மனத்துக்குள் அடைப்புக்குறி போட்டிருந்தேன். அச்சில் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரில் நிலைமை மோசமாகிறது. எங்கள் ஆட்கள் ராஜபுத்திர வீடுகளுக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஆட்கள் அறுவடையான வயலில் மாடு மேய விடுவதில்லை. பாஞ்சுராமின் வைக்கோல் போரை யாரோ கொளுத்தியிருக்கிறார்கள். கலெக்டர் அம்மா மார்ச் 14 ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருக்கிறார். கல்லைப் பற்றித் தெரிந்தவர்கள் என்று எனக்கும் உனக்கும் அழைப்பு வந்திருக்கும்.

நான் போகிறேன். 'உடைத்தவன் நான்' என்று சொல்லப்போகிறேன். நீ வருவதும் வராததும் உன் விருப்பம்.

சுவாலால்


ஜோத்பூர்
24 பிப்ரவரி 1999

சுவா,

நீ உடைக்கவில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நான்கு சுற்று நடந்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிணற்றுமேட்டுக்குப் பின்னால் கல் பாதி புதைந்து கிடந்தது. மேலே குதிரைவீரன் உருவம், அதன் கீழே மூன்று வரி தெரிந்தது. நான்காவது மண்ணுக்குள் இருந்தது. தோண்டினோம். மண் அப்பியிருந்தது, தூக்கிவைத்துக் கழுவிப் படிக்கலாம் என்று விட்டோம். நீ வலப்பக்கம் பிடித்தாய், நான் இடப்பக்கம். "ஒண்ணு, ரெண்டு" என்று நீ எண்ணினாய். தூக்கி இடுப்பளவு கொண்டுவந்தபோது கல்லின் அடியிலிருந்து குளவி வந்து என் மணிக்கட்டில் கொட்டியது. நான் விட்டுவிட்டேன். முதலில் விட்டது நான். முழுப் பாரமும் உன் கைக்கு வந்தது, உன்னால் தாங்க முடியவில்லை, கல்லின் அடிப்பாகம் கிணற்று விளிம்பில் மோதிப் பொடியாகச் சிதறிக் கிணற்றுக்குள் கொட்டியது.

நீ உடனே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, நழுவவிட்டுட்டேனே, நழுவவிட்டுட்டேனே" என்று அழத் தொடங்கினாய். அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

குருஜியிடம் நான் சொன்ன பொய் உனக்காகச் சொன்னது இல்லை. எனக்காகச் சொன்னது. நீ அதை நன்றியோடு வாங்கிக்கொண்டாய், நானும் கொடுத்தவனாகவே இருந்துவிட்டேன். வருடம் போகப்போக எனக்கே அது உண்மை போலாகிவிட்டது. ஜெய்ப்பூரில் நீ எழுந்து கேட்டபோது, குளவி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று ஒரு கணம் பயந்தேன். அந்தப் பயத்தில் வந்த வார்த்தை அது. பயம் காரணமே தவிர மன்னிப்பு இல்லை. உன் அம்மாவின் தந்தி கிடைத்தது. பையில் துணியெல்லாம் எடுத்துவைத்தேன். ரயில் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது?

பதினான்காம் தேதி வருகிறேன். நீ சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்கிறேன்.

ஓனாட்


அஜ்மீர்
6 மார்ச் 1999

உன் கடிதம் கிடைத்தது. ஹோலிக்கு முன்பே கிடைத்தது. வீட்டில் எல்லோரும் வண்ணம் பூசிக்கொண்டார்கள், நான் அறைக்கதவைத் திறக்கவில்லை.

முப்பத்தாறு வருடம், ஓனாட். கனவில்கூட அந்தக் கல்லை நழுவவிட்டிருக்கிறேன். என் மகனுக்குப் பத்து வயதில் அவன் கையிலிருந்து ஒரு மண்பானை விழுந்து உடைந்தபோது நான் அவனை அடித்த அடி, அவனுக்கான அடி இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடம். நான் உன்னோடு பேச மாட்டேன். மேடையில் பேச வேண்டியதை மட்டும் பேசுவேன்.

சு.


ஜோத்பூர்
18 மார்ச் 1999

சுவா,

நீ நலமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? உன்னைப் போலீஸ் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதைத்தான் பார்த்தேன். தலைப்பாகை பாதி வெளியே பறந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அங்கே நடந்ததை நீ அறிய மாட்டாய். நீ கட்டாயம் அறிய வேண்டும்.

அதற்கு முன், மேடையில் நடந்ததைப் பற்றி உன்னை ஒன்று கேட்க வேண்டும். வேப்பமரத்தடியில் ஒரு பக்கம் எங்கள் காவித் தலைப்பாகை, ஒரு பக்கம் உங்கள் சிவப்புத் தலைப்பாகை, நடுவில் போலீஸ், ஐந்நூறு பேர். கலெக்டர் அம்மா நம் இரண்டு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுவதற்குள் நீ ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டாய். "இந்தக் கல்லை யாரும் உளியால தட்டல. அறுபத்திரண்டுல தூக்கும்போது கை தவறி உடைஞ்சுது. உடைச்சது நான்" என்றாய். குளவி விஷயம் தெரிந்த பிறகும் ஏன் அப்படிச் சொன்னாய்? நான் ஓடிவந்து, "இல்ல, நான்தான் உடைச்சேன்" என்று உன் கையிலிருந்து பிடுங்க, நீ விடாமல் இழுக்க, முதல் வரிசையில் இருந்த ஒரு ஒட்டகக்காரன், "ரெண்டு கிழவனும் ஒரே பொண்ணுக்குச் சண்டை போடற மாதிரியில்ல இருக்கு!" என்றானே. ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். அதுவரை அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து எதையும் செய்திருக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் எங்கள் தாகூர் மால் சிங் எழுந்து என்னைப் பார்த்து, "சரி ஹுக்கும், உடைஞ்சது உடைஞ்சது. நீங்க படிச்சவர், நம்ம ரத்தம். நாம நெருப்புல பொறந்தவங்களா இல்லையா, அதை மட்டும் சபையில சொல்லிடுங்க" என்றார். என் அப்பா இருந்திருந்தால் அவர் முகமும் அப்படித்தான் கெஞ்சியிருக்கும். முப்பது வருடம் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். நான்கு கட்சியையும் தலைகீழாக ஒப்பிப்பேன். "எனக்குத் தெரியாது" என்றேன். "நெருப்புக் கதை பல நூறு வருஷம் கழிச்சுப் புலவங்க பாடினது. ஹூணர்னு வெள்ளைக்காரன் எழுதினதுக்கும் முழுச் சாட்சி இல்ல. மேய்ச்சல்காரங்க நிலம் பிடிச்சு ராஜா ஆனாங்கன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் தடயம் இருக்கு. ஆனா தேஹட் யாருன்னு எனக்குத் தெரியாது. 'தேச'ன்னு நான் அச்சுல போட்டது என் ஆசை."

பாஞ்சுராம் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பார்த்தீங்களா! அப்ப குர்ஜரன்தானே?"

நீ அவரைப் பார்த்து, "அதுவும் தெரியாது அண்ணே" என்றாய். "நாலு வரியில மூணரை வரி இருக்கு. தேஹட்னு ஒருத்தன். ஊர் மாடுகளை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. மீட்கப் போனான். மாடு திரும்பி வந்துச்சு, அவன் வரல. யாரோட மாடுன்னு அவன் கேட்டதா கல்லுல இல்ல."

எனக்குக் கண் கலங்கியது. ஊர்க்காரர் யாருக்கும் கலங்கவில்லை. முதல் செருப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? எங்கள் பக்கத்திலிருந்து. இரண்டாவது உங்கள் பக்கம். மூன்றாவது வந்தபோது உன்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். என்னைத் தலைமை ஆசிரியர் அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

இனிதான் நீ அறியாதது. பூட்டிய அறை ஜன்னலுக்கு வெளியே மால் சிங்கும் பாஞ்சுராமும் கலெக்டர் அம்மா முன்னால் நிற்கிறார்கள். அவர் சொன்னார்: "இவங்க மேல புகார் கொடுக்கணும்னா தனித்தனியா வாங்க மாட்டேன். கல்லு ஊர்க் கல்லு. ஊரா சேர்ந்து எழுதிக் கொடுங்க." அந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது!

எழுத உட்கார வேண்டும். பக்கத்தில் இருந்தது மால் சிங் வீடு. என்னையும் குற்றவாளி போல அங்கேயே கூட்டிப்போய் ஓரமாக உட்காரவைத்தார்கள். எதிரியாக இருந்தாலும் வாசலுக்கு வந்தவனுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? வந்தது. கறுப்பாக. பாஞ்சுராம் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்ன தாகூர்சா, இதை மனுஷன் குடிப்பானா?"

"பாலை நிறுத்தினது நீங்க. நாங்க ஒன்றரை மாசமா இதைத்தான் குடிக்கிறோம்" என்றார் மால் சிங்.

பாஞ்சுராம் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு வாசலில் நின்ற தன் ஆளைப் பார்த்து, "டேய், வீட்டுல போய் ஒரு செம்பு கறந்து கொண்டுவா. புகாரு நீளமா எழுத வேண்டியிருக்கு" என்றார்.

நீளமாகத்தான் எழுதினார்கள். நானும் நீயும் ஊர்ச் சொத்தை உடைத்தவர்கள், பொய்யர்கள், இரண்டு குலத்துக்கும் துரோகிகள், இனி தேஹட்சர் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. கீழே இரண்டு சமூகத்தின் கையெழுத்தும் ரேகையும். ஓர் இடத்தில் சொல் கிடைக்காமல் இருவரும் திணறினார்கள். எடுத்துக் கொடுத்தது நான்தான். பீடத்தில் என்ன எழுதுவது என்று கலெக்டர் அம்மா கேட்டபோது, "அந்த மூணரை வரியையே போடுங்க. இந்தப் படிச்சவங்க கை படாம" என்றார்கள் இருவரும்.

நம் பழைய கட்டுரைக்குத் திருத்தம் ஒன்று எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். 'தேஹட்சர் நடுகல்லின் நான்காம் வரி 1962-இல் என்னால் உடைந்தது. "தேச" என்ற என் பாடத்தைத் திரும்பப் பெறுகிறேன். அவ்வரியில் என்ன இருந்தது என்பதை எவரும் அறியார்.' அனுப்பட்டுமா?

நீ என்னோடு பேச மாட்டேன் என்றாய். மேடையில் ஒலிபெருக்கிக்குச் சண்டை போட்டதைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஓனாட்


அஜ்மீர்
1 ஏப்ரல் 1999

ஓனாட்,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். செம்பு வந்த இடத்தில் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடம் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து எந்த ஊரையும் நான் ஒன்று சேர்த்ததில்லை. செருப்படி வாங்கித்தான் அது நடந்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாய். முதல் காரணம் வெட்கக்கேடானது. முப்பத்தாறு வருடமாக அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியைப் பிடித்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது காரணம் ஜீப்பில் போகும்போதுதான் எனக்கே விளங்கியது. நீ முதலில் விட்டாய், சரி. பாரம் என் பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு நொடியில் நான் பிடித்திருக்க முடியுமா? முடிந்திருக்கலாம். கால் நசுங்குமே என்று பயந்து நானும் விரலைத் தளர்த்தினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை. உன் குளவியைப் படித்த பிறகு உன்மேல் வந்த கோபத்தில் பாதி, என் குற்றத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாயே என்ற கோபம். இப்படி ஒரு கிறுக்கன் உண்டா?

ஜெய்ப்பூர் வார்த்தையை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஆறாத சில காயங்களோடும் மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உன் திருத்தத்தில் ஒரு சொல்லை அடித்து வேறு எழுதியிருக்கிறேன். 'என்னால்' என்பதை 'எங்களால்' என்று. கீழே என் கையெழுத்தையும் போட்டிருக்கிறேன். கையெழுத்து உலர்வதற்குள் அதை நான்கு தடவை வாசித்தேன். ஒழுங்காக எழுதியிருக்கிறாய். அடைப்புக்குறியே இல்லை.

இதைத் தபாலில் போடப்போகிறேன். அஜ்மீர் தபால் ஜோத்பூருக்குத் திங்கட்கிழமைதான் வரும். நான் சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். எனவே இந்தக் கடிதம் வரும்போது நான் உன் முற்றத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். தபால்காரரிடம் நானே வாங்கிக்கொள்கிறேன். சிரே கன்வர் அண்ணியிடம் சொல், கம்பு ரொட்டியும் பூண்டுத் துவையலும் போதும். விருந்தாளிக்குச் சமைப்பது போல ஆரம்பித்தால் நான் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவேன்.

இன்றிரவு தொலைபேசியில் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்வேன், உன் குரலைக் கேட்டு வைத்துவிட மாட்டேன். ரயில் நிலையத்துக்கு வந்துவிடு. இந்த முறை பாதி வழியில் திரும்பிப் போகாதே.

சுவா